2003 பணிநீக்கம்: திரும்பி வந்தவர்களும் திரும்பி வராத பணிப்பாதுகாப்பும்

அரசு வேலை கிடைத்துவிட்டால் 58 வயது வரை கவலையில்லை என்பது தமிழ்நாட்டில் பல தலைமுறைகளாக ஊறிப்போன நம்பிக்கை. பெண் பார்க்கப் போகிற இடத்திலும், வங்கியில் கடன் கேட்கிற இடத்திலும் அந்த நம்பிக்கைக்குத் தனி மதிப்பு உண்டு. 2003 ஜூலை முதல் வாரத்தில் அது ஆட்டம் கண்டது. வேலைநிறுத்தத்தில் இறங்கிய சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் மாநில அரசு வேலையிலிருந்து நீக்கியது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை, விசாரணையும் நடக்கவில்லை.

அந்த மாதத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை எளிது: ஜெயலலிதா அரசு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது, உச்ச நீதிமன்றம் தலையிட்டது, எல்லோரும் திரும்பி வந்தார்கள், 2004 தேர்தலில் ஊழியர்கள் பழி தீர்த்துக்கொண்டார்கள். இது தவறில்லை, ஆனால் பாதிக் கதைதான். நீக்கப்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். அதே காலத்தில் எடுக்கப்பட்ட வேறு சில முடிவுகள், அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்காதவை, பல ஆண்டுகள் நின்றுவிட்டன. தமிழ்நாட்டில் அரசுப் பணியின் பாதுகாப்பு குறைந்தது அந்த முடிவுகளால்தான் என்பது என் கருத்து.

நெருக்கடி எங்கே தொடங்கியது

2001 மே மாதம் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது கஜானா காலி என்று சொன்னது. நிதியமைச்சர் பொன்னையன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அதன்பின் வந்த சிக்கன நடவடிக்கைகளில் ஊழியர்களை நேரடியாகத் தொட்டவை பல. ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணமாக்கும் வசதி (அலுவலகப் பேச்சில் ‘சரண்டர்’) நிறுத்தப்பட்டது. போனஸில் கை வைத்தார்கள். ஓய்வூதியச் சலுகைகளிலும் வெட்டு விழுந்தது.

2001 நவம்பர் 29 அன்று வந்த அரசாணை 212 புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது. அந்தத் தடை 2006 பிப்ரவரி வரை நீடித்தது. ஏறக்குறைய நான்கேகால் ஆண்டுகள் கீழ்நிலைப் பணிகளுக்கு வழக்கமான ஆளெடுப்பு முடங்கிக் கிடந்தது. இதன் விளைவு உடனே தெரியாது. ஓய்வு பெற்றவரின் மேசையை அடுத்த மேசைக்காரர் பார்த்துக்கொள்வார், கோப்பு கொஞ்சம் தாமதமாக நகரும், அவ்வளவுதான். வெளியே காத்திருந்த இளைஞர்களுக்கோ அந்த ஆண்டுகள் வயது வரம்பைத் தின்றுவிட்டன. தடை நீங்கிய பிறகு 2006-ல் வயது உச்சவரம்பில் 5 ஆண்டு தளர்வு கொடுக்க வேண்டியிருந்ததே அந்த இழப்புக்கு அரசே தந்த சாட்சி.

2002 செப்டம்பரில், நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள் சுமார் 10 ஆயிரம் பேர் ஒரே ஆணையில் நீக்கப்பட்டார்கள். குழி மூடி, ஓரத்துப் புதர் வெட்டி, சாலையைப் பராமரிக்கும் கடைநிலை ஊழியர்கள் அவர்கள். பெரிய சங்கங்கள் அப்போது கண்டித்தன என்றாலும் மாநிலம் அதிரவில்லை. அடுத்த ஆண்டு நடந்ததற்கு அதுவே முன்னோட்டம். பெருங்கூட்டமாக நீக்கினாலும் ஆட்சி நடக்கும் என்று அரசு அப்போதே அறிந்துகொண்டது. அவர்கள் வேலைக்குத் திரும்ப 2006 பிப்ரவரி ஆனது. இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் போராடினார்கள்.

ஜூலை 2 முதல் ஜூலை 25 வரை

பறிக்கப்பட்ட சலுகைகளைத் திரும்பக் கேட்டு ஜாக்டோ-ஜியோ, கோட்டா-ஜியோ என்ற இரண்டு ஆசிரியர், அரசு ஊழியர் சங்கக் கூட்டமைப்புகள் 2003 ஜூலை 2 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தன. அதற்கு முன்பே தலைவர்களைக் கைது செய்யத் தொடங்கிவிட்டார்கள். அரசின் கையில் 2002-ல் இயற்றிய தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், அதாவது டெஸ்மா, இருந்தது. அதுவும் போதவில்லை என்று ஜூலை 4 அன்று ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். வேலைநிறுத்தத்தில் பங்கேற்றவர் பணிநீக்கம் செய்யப்பட்டவராகவே கருதப்படுவார் என்பது அதன் சாரம்.

அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு, அரசு ஊழியர் ஒருவரைக் குற்றச்சாட்டைத் தெரிவித்து விசாரிக்காமல் நீக்கக் கூடாது என்கிறது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை தனித்தனி ஆட்களுக்கானவை. ஒரு கிராம நிர்வாக அலுவலர் மீது லஞ்சப் புகார் வந்தால்கூட 17(பி) என்ற குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை அதிகாரி, அறிக்கை, மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் நடக்கும். அந்த நடைமுறை மெதுவானது என்று எரிச்சல் படுபவர்கள் நிறையப் பேர். அது எதற்காக இருக்கிறது என்பது 2003-ல் புரிந்தது. மருத்துவ விடுப்பில் இருந்தவர் யார், மிரட்டலுக்குப் பயந்து வராதவர் யார், உண்மையிலேயே வேலைநிறுத்தம் செய்தவர் யார் என்று பிரித்துப் பார்க்க இருந்த ஒரே கருவி அந்த விசாரணைதான். அவசரச் சட்டம் அதைத்தான் எடுத்துப்போட்டது.

காலி இடங்களுக்கு மாதம் 4,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், அதாவது படிகள் சேராத ஒரே மொத்தத் தொகைக்கு, தற்காலிக இளநிலை உதவியாளர்களை எடுத்தார்கள். பட்டதாரிகள் வரிசையில் நின்றார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக நியமனமே இல்லாத மாநிலத்தில் யார் வேண்டாம் என்பார்கள்? அவர்களைக் கருங்காலிகள் என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நியமனத் தடையால் தவித்தவர்களை வைத்தே வேலைநிறுத்தத்தை உடைத்தது அரசு. இரு பக்கமும் நின்றவர்கள் ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்.

பொதுமக்களின் அனுதாபமும் ஊழியர்கள் பக்கம் முதலில் அதிகம் இல்லை. சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் அலைந்தவர்களுக்கு அரசு ஊழியர் மீது ஒரு கசப்பு உண்டு. அந்தக் கசப்பை அரசு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. அரசு ஊழியர்கள் மாநிலத்தில் சுமார் 12 லட்சம் பேர், நேரடி வரி வருமானத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் சம்பளத்துக்கே போகிறது என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். அந்தக் கணக்கில் விவாதத்துக்கு இடம் உண்டு. சம்பளம் என்ற தலைப்புக்குள் ஆசிரியரும் செவிலியரும் காவலரும் அடக்கம். பள்ளியும் மருத்துவமனையும் சம்பளத்தால்தான் நடக்கின்றன. ஆனால் அந்த எண் அன்றைக்கு எடுபட்டது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி, விசாரணையில்லாத பணிநீக்கத்தை நிறுத்தி வைத்து இடைக்கால உத்தரவு தந்தார். அரசு மேல்முறையீடு செய்தது. ஜூலை 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. அரசு ஊழியர்களின் பணி வழக்குகளுக்கான நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகாமல் நேரடியாக உயர் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்றது. கைதானவர்களைப் பிணையில் விடச் சொன்ன அளவில் மட்டும் ஆறுதல். அப்போது அந்தத் தீர்ப்பாயத்தில் இருந்தது ஒரே ஒரு உறுப்பினர். ஒன்றே முக்கால் லட்சம் பேர் அந்த ஒருவரிடம் போய் நிற்க வேண்டுமாம்.

உச்ச நீதிமன்றம் தந்ததும் தராததும்

சி.ஐ.டி.யு. தொழிற்சங்கத் தலைவர் டி.கே. ரங்கராஜன் பெயரில் வந்த வழக்கை நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் கொண்ட அமர்வு கேட்டது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில், ஜூலை 24 அன்று அரசு இறங்கி வந்தது. கைதானவர்கள், முதல் தகவல் அறிக்கையில் பெயர் உள்ளவர்கள் தவிர மற்றவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. நிபந்தனை இரண்டு: நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம், 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 22-வது விதியை, அதாவது வேலைநிறுத்தம் கூடாது என்ற விதியை, மதித்து நடப்பேன் என்ற உறுதிமொழி. மறுநாள் காலை அலுவலகங்களில் மன்னிப்புக் கடிதங்கள் எழுதப்பட்டன. இருபது, முப்பது ஆண்டு சர்வீஸ் உள்ளவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தம் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மீதமிருந்த 6,072 பேரின் நிலையைப் பரிசீலிக்க ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் என்று முடிவானது.

தீர்ப்பு ஆகஸ்ட் 6 அன்று வந்தது. அதை இன்று வாசிக்கும்போது மூன்று விஷயங்கள் கண்ணில் படுகின்றன. இப்படி அசாதாரணமான சூழலில் உயர் நீதிமன்றம் வழக்கை ஏற்றிருக்க வேண்டும், ஒற்றை ஆள் தீர்ப்பாயம் ஆயிரக்கணக்கானோருக்கு நியாயம் தர முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. இது ஊழியர்களுக்குச் சாதகமான பகுதி. அடுத்து, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக நியாயமோ கிடையாது என்றது. அடிப்படை உரிமை இல்லை என்பது 1962 முதலே உச்ச நீதிமன்றம் சொல்லி வந்ததுதான். தார்மிக உரிமையும் இல்லை என்பது அதைத் தாண்டிய ஒரு படி. சங்கம் அமைக்க உரிமை உண்டு, கூடிப் பேச உரிமை உண்டு, ஆனால் பேச்சு எடுபடாதபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றால் அந்தச் சங்கத்தை அரசு ஏன் மதிக்க வேண்டும்? இதற்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

மூன்றாவது, சொல்லப்படாத விஷயம். விசாரணையே இல்லாமல் ஒன்றே முக்கால் லட்சம் பேரை நீக்கியது செல்லுமா, அந்த அவசரச் சட்டம் 311-வது பிரிவுக்கு முன் நிற்குமா என்ற மையக் கேள்விக்கு நேரான விடை வரவில்லை. ஊழியர்கள் திரும்பியது அரசு இணங்கியதால், நீதிமன்றத்தின் மனிதாபிமானக் கோரிக்கையால். சட்டப்படி அவர்களுக்கு அந்த வேலை சொந்தம் என்று யாரும் அறிவித்துத் திரும்பவில்லை. உரிமையாக இருந்தது, அன்று முதல் சலுகையாகத் திரும்பக் கிடைத்தது.

அதே ஆகஸ்ட் 6

தீர்ப்பு வந்த அதே நாள் தேதியிட்ட இன்னொரு தாள் இருக்கிறது. நிதித்துறையின் அரசாணை 259. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் என்று வகுத்தது அந்த ஆணை. அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டிலும் 10 சதவீதம் ஊழியர் பங்கு, அதே அளவு அரசின் பங்கு. ஓய்வு பெற்றபின் மாதாமாதம் இவ்வளவு என்ற உறுதி அதில் கிடையாது.

எல்லோர் கண்ணும் டெல்லித் தீர்ப்பின் மேல் இருந்தபோது இது வந்தது. அன்றைய சங்கங்களை நான் குறை சொல்ல மாட்டேன். மன்னிப்புக் கடிதம் கொடுத்துத் திரும்பி, 6,072 பேரின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இன்னும் வேலைக்கே வராத ஆட்களின் ஓய்வூதியத்துக்காக எழுந்து நிற்க அவர்களுக்குத் தெம்பு இல்லை. உள்ளே இருப்பவர்களைத் தொடாமல் இனி வரப்போகிறவர்களின் உரிமையைக் குறைக்கும் முறை எவ்வளவு சுலபம் என்பதை அரசு அன்று கற்றுக்கொண்டது. நியமனத் தடை இருந்ததால் எதிர்க்க அந்தப் புதியவர்களும் அப்போது இல்லை.

2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. கூட்டணி தோற்றது. மே 18 அன்று ஜெயலலிதா பல முடிவுகளைத் திரும்பப் பெற்றார். ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளும் அதில் கைவிடப்பட்டன. பங்களிப்பு ஓய்வூதியம் அந்தப் பட்டியலில் இல்லை. 2006-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, அதுவும் அதைத் தொடவில்லை. 2016-ல் ஒரு வல்லுநர் குழு, 2018-ல் அதன் அறிக்கை, 2021 தேர்தலில் பழைய ஓய்வூதியம் தருவோம் என்ற தி.மு.க. வாக்குறுதி, 2025 பிப்ரவரியில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் மீண்டும் ஒரு குழு. ஒன்றே முக்கால் லட்சம் பேரின் நீக்கத்தைப் பத்து மாதத்தில் முழுதாகத் துடைத்த அரசியலால், அந்த அரசாணையை 2025 வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாற்ற முடியவில்லை.

நிரந்தரம் இல்லாதவர்கள்

இன்னொரு பாடமும் அரசுக்குக் கிடைத்தது. நிரந்தர ஊழியரை நீக்குவது கடினம், அப்படியே நீக்கினாலும் தேர்தலில் விலை கொடுக்க வேண்டும். அப்படியானால் நிரந்தரமாக எடுக்காமல் இருந்துவிடலாமே. இப்படி யாரும் கோப்பில் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் 2003-க்குப் பிறகான நியமனங்களை வரிசையாகப் பார்த்தால் இந்தத் திசை தெளிவாகத் தெரிகிறது.

அந்த ஆண்டு நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் ஏற்றபோது மேற்பார்வையாளரும் விற்பனையாளரும் தொகுப்பூதியத்தில் வந்தார்கள். ஆசிரியர்களும் அக்காலத்தில் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டு, 2006 ஜூன் 1 முதல்தான் காலமுறைச் சம்பளத்துக்கு மாறினார்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேர், மாதம் 5,000 ரூபாய்க்கு. மே மாதச் சம்பளம் அப்போது கிடையாது. சம்பளம் பின்னர் படிப்படியாக உயர்ந்து 2024-ல் 12,500 ஆனது, ஆட்களின் எண்ணிக்கை சுமார் 12 ஆயிரமாகக் குறைந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள், அல்லது இறந்தார்கள், அல்லது வயதாகி வெளியேறினார்கள். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்கள் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று நம்பி வந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை வளாகத்தில் போராட்டத்துக்கு உட்கார வேண்டி வந்தது.

இவர்களுக்கு 311-வது பிரிவின் காவல் கிடையாது. 2006 ஏப்ரலில் வந்த உமாதேவி வழக்குத் தீர்ப்பு, முறையான தேர்வு வழியில் வராத தற்காலிகப் பணியாளர்களுக்கு நிரந்தரம் கோரும் உரிமை இல்லை என்றது. பின்வாசல் நியமனங்களைத் தடுப்பதே நோக்கம், அது சரிதான். நடைமுறையிலோ ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்தவரின் வாயை அடைக்கவும் அதே தீர்ப்பு பயன்படுகிறது.

காவல் இல்லாத வேலை ஆட்சி மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு மக்கள் நலப் பணியாளர்களைப் பார்க்க வேண்டும். தி.மு.க. ஆட்சியில் ஊராட்சிகளுக்காக எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். 1991-ல் அ.தி.மு.க. அரசு நீக்கியது. தி.மு.க. வந்ததும் 1997-ல் திரும்ப எடுத்தது. 2001-ல் மீண்டும் நீக்கம். 2006-ல் மீண்டும் வேலை. 2011 நவம்பரில் மூன்றாவது முறையாக நீக்கம், இந்த முறை சுமார் 13,500 பேர். வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போய்க்கொண்டே இருந்தது. 2022-ல் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளர்களாக 7,500 ரூபாய் மதிப்பூதியத்தில் வரலாம் என்றது தி.மு.க. அரசு. 1990-ஐ ஒட்டி இருபது வயதில் சேர்ந்தவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இறந்துபோனவர்களின் வாரிசுகளுக்கு முன்னுரிமை என்ற வரியும் அந்த அறிவிப்பில் இருந்தது. காத்திருந்தே எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. 2003-ல் நீக்கப்பட்ட நிரந்தர ஊழியர்களில் பெரும்பாலோர் மூன்று வாரத்தில் நாற்காலிக்குத் திரும்பினார்கள். மக்கள் நலப் பணியாளர் பத்தாண்டுக்கு மேல் தெருவில் நின்றார். இரு தரப்பையும் நீக்கியது மாநில அரசுதான். ஒருவரிடம் பணிப்பதிவேடு இருந்தது, மற்றவரிடம் இல்லை.

உள்ளேயும் காலி, வெளியேயும் நெரிசல்

ஊழியர் வெளியேற்றம் என்றால் தனியார் நிறுவனத்தில் ராஜினாமாதான் நினைவுக்கு வரும். மாநில அரசுப் பணியில் நிரந்தர ஊழியர் ராஜினாமா செய்வது அபூர்வம். இங்கே ஆட்கள் போவது ஓய்வு வழியாக, வரவேண்டியவர்கள் வராமல் நிற்பது நியமனத் தாமதம் வழியாக. 2020 மே மாதம் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. கொரோனா கால நிதி நெருக்கடியில் ஓய்வுகாலப் பணப்பலன்களைத் தள்ளிப்போட அது உதவியது. படித்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டுக் கதவடைப்பு. 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

2022 அக்டோபரில் அரசாணை 115 வழியே மனிதவளச் சீர்திருத்தக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. கீழ்நிலைப் பணிகளை வெளிமுகமை, ஒப்பந்தம் மூலம் நிரப்புவதை ஆராய்வதும் அதன் வேலைகளில் ஒன்று. சங்கங்கள் கொதித்தன, ஆய்வு வரம்பை அரசு திரும்பப் பெற்றது. தாளில் பின்வாங்கியதே தவிர, அரசு அலுவலகத் துப்புரவு, காவல், கணினி இயக்கம் ஆகியவற்றில் முகமை ஆட்கள் ஏற்கெனவே பரவலாக இருந்தார்கள்.

வேலைநிறுத்தத்தைக் கையாளும் முறையும் மாறிவிட்டது. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ மீண்டும் வேலைநிறுத்தம் செய்தது. முதன்மைக் கோரிக்கை பழைய ஓய்வூதியம். அரசு இந்த முறை பெருங்கூட்டமாக யாரையும் நீக்கவில்லை. 17(பி), தற்காலிகப் பணிநீக்கம், இடமாற்றம் என்று தனித்தனியாகப் பிடித்தது. பள்ளிகளுக்கு மாதம் 10,000 ரூபாயில் தற்காலிக ஆசிரியர்கள் என்று அறிவித்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. ஜனவரி முடிவதற்குள் போராட்டம் திரும்பப் பெறப்பட்டது.

இதற்கெல்லாம் முதலில் வேண்டியது ஒரு நேர்மையான கணக்கு. ஒவ்வொரு துறை மானியக் கோரிக்கையோடும் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரந்தர ஊழியர்கள் எத்தனை, தொகுப்பூதியத்தில் எத்தனை, முகமை வழியாக எத்தனை, ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டுகளாக அதே வேலையில் இருக்கிறார்கள், அந்த ஆண்டில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்று ஒரே அட்டவணையாகச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். பத்து ஆண்டு தொடர்ந்து தேவைப்பட்ட வேலை தற்காலிக வேலை அல்ல. அந்த இடத்தை நிரந்தர இடமாக அறிவித்துத் தேர்வாணையத்திடம் கொடுக்கட்டும். அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவருக்கு வயதில் தளர்வும் அனுபவத்துக்கு மதிப்பெண்ணும் தரட்டும். உமாதேவி தீர்ப்பு இதைத் தடுக்கவில்லை. 2003-ல் 4,000 ரூபாய்க்கு எடுத்தவர்களுக்குப் பிற்பாடு தேர்வாணையம் மூலம் சிறப்புத் தேர்வு வைத்த முன்னுதாரணம் இதே மாநிலத்தில் இருக்கிறது.